என்ஜின் நின்றபின் ஒரு ஹெலிகாப்டர்

ராபின்சன் ஆர்22 இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய ஹெலிகாப்டர். கலிபோர்னியாவின் டோரன்ஸ் நகரில் ஃபிராங்க் ராபின்சன் வடிவமைத்த இது, 1979இல் அமெரிக்காவில் பறப்பதற்கான சான்று பெற்றது. பல நாடுகளில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்பவர்கள் முதலில் ஏறி உட்காருவது இதில்தான். உள்ளே ஒரே ஒரு லைக்கமிங் பிஸ்டன் என்ஜின். அது நடுவானில் நின்றுபோனால் தொப்பென்று விழுந்துவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். விழாது. தலைக்குமேல் சுழலி போதிய வேகத்தில் சுற்றும்வரை விமானியின் பேச்சை அது கேட்கும். மேலே ஏறத்தான் முடியாது.

என்ஜின் நின்ற கணத்தில் முதல் வேலையைச் செய்வது விமானி அல்ல, ஒரு கிளட்ச். ஆர்22இல் என்ஜினின் சக்தி வி-பெல்ட்கள் வழியாக மேல் கப்பிக்குப் போகிறது. அந்தக் கப்பிக்குள் ஒருவழிக் கிளட்ச் இருக்கிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிளின் பின்சக்கரம் ஓடுவது போல, என்ஜின் நின்றாலும் சுழலி தன்பாட்டில் சுற்றும். வால் சுழலியும் அதே இணைப்பில் இருப்பதால் அதுவும் கூடவே சுற்றும். ஆகவே வால் சுழலி வழியாக மூக்கைத் திருப்பும் கால் பெடல்கள் கடைசிவரை வேலை செய்யும்.

ஆனால் வெறும் உந்தத்தில் எவ்வளவு நேரம் சுற்றும்? காற்றின் இழுவை அதைச் சில நொடிகளில் தின்றுவிடும். அதற்குள் சுழலியைச் சுற்றும் பொறுப்பைக் காற்றிடமே ஒப்படைக்க வேண்டும். இதற்குப் பெயர் ஆட்டோரொட்டேஷன். ஸ்பெயின்காரரான யுவான் தெ லா சியெர்வா 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே பறக்கவிட்ட ஆட்டோஜைரோவின் (பறக்கும்போது காற்றே சுழலியைச் சுற்றும் விமானம்) சுழலி முழுநேரமும் இப்படித்தான் சுற்றியது. உருப்படியான ஹெலிகாப்டர்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த வித்தை கைவந்துவிட்டது.

என்ஜின் ஓடும்போது சுழலி காற்றை மேலிருந்து கீழே தள்ளுகிறது. இறங்கும்போது காற்று கீழிருந்து மேலே சுழலிக்குள் புகுகிறது. மேலேறும் இந்தக் காற்றும் சுழலியிலுள்ள இறக்கையின் சுழல்வேகமும் சேர்வதால், இறக்கையில் காற்று சற்றுக் கீழிருந்து வந்து மோதும். தூக்குவிசை எப்போதும் அந்தக் காற்றோட்டத்துக்குச் செங்குத்தாக இருப்பதால் அது கொஞ்சம் முன்பக்கம் சாயும். இறக்கையின் நடுப்பகுதியில், அதாவது அடியிலிருந்து ஏறத்தாழ 25 முதல் 70 விழுக்காடு நீளம்வரை, இந்த முன்சாய்வு இழுவையை வென்று இறக்கையை முன்னே இழுக்கும். நுனியில் சுழல்வேகம் மிக அதிகம். அங்கே காற்று ஏறக்குறைய நேர் எதிரே வருவதால் இழுவையே ஜெயிக்கும். அடிப்பகுதியில் வேகம் போதாமல் மோதுகோணம் (காற்று இறக்கையில் மோதும் கோணம்) எகிறி, காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசை சரியும், அதாவது ஸ்டால் ஆகிவிடும். நடுப்பகுதி சம்பாதிக்க, மற்ற இரண்டும் செலவழிக்கின்றன. வரவும் செலவும் சமமாகும் வேகத்தில் சுழலி நிலைகொள்ளும்.

ஆர்22இன் சுழலிக்கு 100 விழுக்காடு என்பது நிமிடத்துக்கு 510 சுற்று. சாதாரணமாக 104 விழுக்காட்டில், அதாவது 530 சுற்றில் பறக்கும். சுழலியின் விட்டம் 7.67 மீட்டர். எனவே இறக்கை நுனி நொடிக்குச் சுமார் 213 மீட்டர் பாய்கிறது. சுழலியில் தேங்கிய ஆற்றலும் தூக்கும் திறனும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தவை என்பதால், 90 விழுக்காட்டில் 100 விழுக்காட்டின் ஆற்றலில் 81 பங்குதான் மிஞ்சும். 80 விழுக்காட்டில் 64. பெல் 206 போன்ற ஹெலிகாப்டர்களின் கனமான இறக்கைகள் சற்று அவகாசம் தரும். ஆர்22இன் இறக்கைகள் எடை குறைந்தவை, அவகாசம் ஓரிரு நொடிதான்.

97 விழுக்காட்டில் எச்சரிக்கை ஒலி கத்தும். உற்பத்தியாளர் சொல்லும் பொது விதி: ஏறத்தாழ 80 விழுக்காடு, அதோடு ஒவ்வோர் 1,000 அடி உயரத்துக்கும் ஒரு விழுக்காடு. சுழல்வேகம் அதற்குக் கீழே போனால் முழுச் சுழலியும் ஸ்டால் ஆகும். பிறகு கீழே விழ விழ மோதுகோணம் இன்னும் கூடும், இழுவையும் கூடும். அதிலிருந்து மீள வழியில்லை.

அதனால்தான் முதல் விதி: இடக்கையிலுள்ள கலெக்டிவ் நெம்புகோலை உடனே கீழே இறக்கு. எல்லா இறக்கைகளின் கோணமும் ஒன்றாகக் குறைந்து இழுவை விழும். அதே நேரம் மூக்கு இடப்பக்கம் திரும்பும், வலது பெடல் தேவை. மூக்கு தாழவும் பார்க்கும். அதைத் தாழவிட்டால் சுழலிக்குள் கீழிருந்து புகும் காற்று குறைந்துவிடும் என்பதால் சைக்ளிக்கை, அதாவது சுழலியைச் சாய்க்கும் பிடியை, சற்றுப் பின்னால் இழுக்க வேண்டும்.

அடுத்த கட்டம் ஒப்பீட்டளவில் எளிது. 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) வேகம், சுழலி 97 முதல் 110 விழுக்காட்டுக்குள். சுற்று கூடினால் கலெக்டிவைக் கொஞ்சம் உயர்த்து, குறைந்தால் இறக்கு. நிமிடத்துக்குச் சுமார் 1,500 அடி இறங்குவதால், 1,000 அடியிலிருந்து கிடைப்பது 40 நொடிதான். அதற்குள் இடம் தேர்ந்து, முடிந்தால் எதிர்காற்றுக்குத் திரும்ப வேண்டும். இடம் தொலைவில் இருந்தால் வேகத்தை 75 நாட்டாக்கிச் சுழலியை 90 விழுக்காட்டுக்கு இறக்கலாம். அப்போது 1,500 அடி உயரத்துக்கு ஒரு கடல் மைல் போகலாம். இறங்குமுன் அந்தச் சுற்றை மீட்டுவிட வேண்டும். என்ஜினை மறுபடி கிளப்பிப் பார்ப்பது விமானியின் விருப்பம் என்கிறது ஆர்22இன் கையேடு. தாழ்வாக இருந்தால் அந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

நிமிடத்துக்கு 1,500 அடி என்ற அதே இறங்குவேகத்தில் தரையைத் தொட்டால் நொடிக்கு 7.6 மீட்டர், கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த அடி. எனவே சுமார் 40 அடியில் சைக்ளிக்கைப் பின்னிழுத்து மூக்கைத் தூக்குகிறார்கள். முன்வேகம் சுழலிக்குள் கூடுதல் காற்றாக மாறும். இறக்கம் தணியும், சுற்றும் ஏறும். 8 அடி வாக்கில் மட்டமாக்கி, தொடுவதற்குச் சற்றுமுன் கலெக்டிவை உயர்த்த வேண்டும். தேங்கிய ஆற்றல் அந்த ஒரே இழுப்பில் தீர்ந்துவிடும், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. தரை வேகமாக நெருங்கும் பதற்றத்தில் 15 அடியிலேயே கலெக்டிவை இழுத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அப்போது உயரம் மிச்சமிருக்கச் சுற்று தீர்ந்துபோகும். மூக்கைத் தூக்கத் தாமதித்தால் வால் தரையில் இடிக்கும். உழுத நிலத்தில் முன்வேகம் மிஞ்சினால் சறுக்குக்கால் மண்ணில் மாட்டிக் கவிழ்த்துவிடும்.

உயரமும் வேகமும் இரண்டுமே குறைவென்றால் இத்தனை திறமையும் உதவாது. சில அடி உயரத்தில் அந்தரத்தில் நின்றால் தேங்கிய ஆற்றலே போதும். பல நூறு அடி உயரமிருந்தால் மூக்கைத் தாழ்த்தி வேகம் சேர்க்கலாம். நடுவே இரண்டுக்கும் வழியில்லாத ஒரு மண்டலம் உண்டு. கையேட்டின் உயரம்-வேகம் வரைபடத்தில் அதை நிழலிட்டுக் காட்டியிருப்பார்கள். புறப்படும்போது நேராக மேலே எழாமல் தரையை ஒட்டியே வேகம் கூட்டிப் போவது அதைத் தவிர்க்கத்தான்.

என்ஜின் நிற்கும் காரணங்களில் ஒன்றை முன்கூட்டியே தடுக்கலாம்: எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் கட்டும் பனி. ஈரப்பதம் மிகுந்த காற்றில், வெளியே உறைநிலைக்கு வெகு மேலே இருந்தாலும், எரிபொருள் ஆவியாவதாலும் அழுத்தம் குறைவதாலும் உள்ளே பனி கட்டும். சுழல்வேகத்தை நிலையாக வைக்கும் கவர்னர் சாதனம், என்ஜினுக்குப் போகும் கலவையைக் கட்டுப்படுத்தும் திராட்டிலைத் தானாகவே திறந்து சுற்றைச் சரிசெய்துவிடுவதால் விமானிக்கு ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. கார்புரேட்டர் வெப்பமானியின் முள் மஞ்சள் பட்டைக்கு வெளியே இருக்கும்படி சூடான காற்றைத் திறந்துவைக்க வேண்டும். சக்தியைக் குறைத்து இறங்கும்போது, என்ஜினின் உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தம் 18 அங்குலப் பாதரசத்துக்குக் கீழே போனால் அந்த முள்ளையும் நம்பக்கூடாது. சூட்டை முழுதாகத் திறக்க வேண்டும்.