படிகார நட்சத்திரம் ராத்திரியில் எப்படி வளர்கிறது?

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட வீட்டிலேயே பிள்ளைகளோடு செய்யக்கூடிய அலங்காரங்கள் எத்தனையோ இருக்கின்றன. காகித நட்சத்திரம், உப்பு மாவு பொம்மை, பஞ்சு ஒட்டிய தாத்தா என்று பட்டியல் நீளும். எனக்கு அவற்றில் மிகவும் பிடித்தது படிகார நட்சத்திரம்தான். மற்றவற்றைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நம் கைதான் செய்கிறது. இதிலோ பாதி வேலையைச் செய்து வைத்துவிட்டு நாம் தூங்கப் போய்விடுகிறோம், மீதியைப் படிகாரமே பார்த்துக்கொள்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் கம்பி முழுக்கப் பளபளவென்று படிகங்கள். பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி "இது எங்கேயிருந்து வந்துச்சு?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

முதலில் செய்முறை. பஞ்சுபோன்ற இழை சுற்றிய கம்பி, அதாவது பைப் கிளீனர், அதில் ஒரே அளவாக மூன்று துண்டு வெட்டி நடுவில் முறுக்கினால் ஆறு கரம் உள்ள நட்சத்திரம் கிடைக்கும். ஒரு கரத்தில் நூல் கட்டி, நூலின் மறுமுனையை ஒரு பென்சிலில் சுற்றி, பென்சிலை ஜாடியின் வாய்மேல் குறுக்கே வையுங்கள். நட்சத்திரம் அடியிலும் படக்கூடாது, பக்கத்திலும் படக்கூடாது. 250 மில்லி வெந்நீரில் 80 கிராம் படிகாரத் தூளைப் போட்டு, தெளிகிற வரை கலக்கி, ஜாடியில் ஊற்றி, மேலே ஒரு காகிதத்தால் மூடி, யாரும் தொடாத மூலையில் வைத்துவிட வேண்டும். வெந்நீர் வேலை பெரியவர்களுடையது. அப்புறம் படிகாரம் வாயிலோ கண்ணிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் கை கழுவச் சொல்லுங்கள். சில செய்முறைகளில் வெண்காரம் சொல்லியிருப்பார்கள். அதிலும் அழகான படிகம் வரும் என்பது உண்மைதான், ஆனால் அதை விழுங்கினால் உடம்புக்குத் தீங்கு, சின்னப் பிள்ளைகள் புழங்கும் இடத்தில் அதை வைக்க எனக்கு மனம் வராது. படிகாரம் கையில் இருக்கும்போது வெண்காரத்துக்கு அவசியமும் இல்லை.

சரி, ராத்திரியில் என்ன நடக்கிறது?

தண்ணீர் எவ்வளவு படிகாரத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும் என்பது அதன் சூட்டைப் பொறுத்தது. 50 டிகிரி செல்சியஸில் 100 மில்லி தண்ணீர் சுமார் 37 கிராம் படிகாரத்தைக் கரைக்கும். அதே தண்ணீர் 20 டிகிரிக்கு ஆறினால் சுமார் 14 கிராம்தான் தாங்கும். நம் ஜாடியின் கணக்கைப் போட்டால், உள்ளே இருப்பது 80 கிராம், 20 டிகிரிக்கு ஆறிய 250 மில்லி தண்ணீர் தாங்கக்கூடியது 35 கிராம், ஆக மிச்சம் 45 கிராமுக்கு அங்கே இடமில்லை. அது எங்கேயாவது திடப்பொருளாக உட்கார்ந்தே ஆக வேண்டும். (அறை இன்னும் சூடாக இருந்தால் இந்த மிச்சம் கொஞ்சம் குறையும், குளிரான இடத்தில் கூடும்.) கணக்குப் போடத் தெரிந்த பிள்ளையிடம் இந்தக் கழித்தலைக் கொடுத்துவிட்டு, மறுநாள் நட்சத்திரத்தைக் காயவைத்து எடை போடச் சொல்லுங்கள். 45 வராது, ஏனென்றால் பெரும்பகுதி ஜாடியின் அடியிலும் சுவரிலும் படிந்திருக்கும். அதையும் சுரண்டி எடுத்துச் சேர்த்தால் கணக்கு ஏறக்குறைய ஒத்துவரும்.

சாப்பாட்டு உப்பில் ஏன் இதைச் செய்ய முடியாது என்று ஒரு பிள்ளை கேட்டால், அது மிகச் சரியான கேள்வி. உப்பு 20 டிகிரியில் 100 மில்லி தண்ணீருக்கு 36 கிராம் கரையும், கொதிநிலையிலும் 39 கிராம்தான். கொதிக்கக் கொதிக்கக் கரைத்து ஆறவைத்தாலும் 3 கிராம்தான் வெளியே வரும். அதனால் உப்பை ஆறவைத்துப் பயனில்லை, தண்ணீர் ஆவியாகிப் போகும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் அதுவும் படிகம் தரும், சின்னச் சின்னக் கனசதுரங்களாக. சர்க்கரை எக்கச்சக்கமாகக் கரையும், ஆனால் பாகு கெட்டியாக இருப்பதால் மூலக்கூறுகள் மெல்லத்தான் நகரும், எறும்பும் வந்துவிடும்.

இந்தக் கரைதலைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. ஒரு சிறு படிகாரக் கட்டியை நூலில் கட்டி, தெளிந்த தண்ணீரில் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டு, பின்னால் வெளிச்சம் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். கட்டியிலிருந்து நிறமில்லாத கோடுகள் நெளிந்து நெளிந்து கீழே இறங்கும். படிகாரம் கரைந்த தண்ணீர் சுற்றியுள்ள தண்ணீரைவிடக் கனமானது, அதனால்தான் இறங்குகிறது. படிகம் வளரும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். தன்னிடமிருந்த படிகாரத்தைப் படிகத்துக்குக் கொடுத்துவிட்ட தண்ணீர் இலேசாகி மேலே ஏறும். ஜாடியை அசைக்காமல், நட்சத்திரத்துக்குப் பின்னால் விளக்கை வைத்துக் கூர்ந்து பார்த்தால் அந்தக் கோடுகள் தெரியும். ஒரு தடவை இதைப் பார்த்துவிட்ட பிள்ளை ஜாடியை விட்டு நகராது.

அடுத்தது, அந்த மிச்சப் படிகாரம் ஏன் கம்பியில் போய் ஒட்ட வேண்டும்? கரைசல் ஆறி, தாங்கக்கூடியதைவிட அதிகமாக வைத்துக்கொண்டிருக்கும் நிலையை அதிதெவிட்டிய நிலை என்கிறோம். அப்போதும் படிகம் உடனே வந்துவிடாது. சில அயனிகள் (படிகாரம் தண்ணீரில் கரையும்போது பிரியும் மின்னூட்டமுள்ள நுண்துகள்கள்) ஒன்றுகூடி ஒரு சிறு கொத்தாக வேண்டும், அந்தக் கொத்து ஓர் அளவுக்குமேல் பெரிதானால்தான் நிலைக்கும், இல்லாவிட்டால் சேர்ந்த வேகத்திலேயே மறுபடி கரைந்துபோகும். நடுத்தண்ணீரில் இப்படிக் கொத்து சேர்வது கடினம். ஒரு சொரசொரப்பான இடம், ஓர் இழையின் நுனி, ஒரு தூசி கிடைத்தால் அது எளிதாகிவிடுகிறது. பைப் கிளீனரின் ஆயிரக்கணக்கான இழை நுனிகள் தரும் இடம் இதுதான். வழவழப்பான நைலான் நூலில் அவ்வளவாகப் படிகம் பிடிக்காது, கம்பளி நூலில் நன்றாகப் பிடிக்கும். ஜாடியைக் காகிதத்தால் மூடச் சொன்னதும் இதற்காகத்தான், விழுகிற ஒவ்வொரு தூசியும் தனியாக ஒரு படிகத்தைத் தொடங்கிவிடும்.

இழை நுனிக்கு ஓர் அருமையான வரலாறு உண்டு. ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உகிச்சிரோ நகாயா என்ற இயற்பியலாளர் ஆய்வகத்துக்குள்ளேயே பனிப் படிகம் வளர்க்க முயன்றார். வேறு இழைகளில் தொங்கவிட்டபோது உறைபனி மொத்தமாக அப்பிக்கொண்டது, தனிப் படிகம் வரவில்லை. முயல் மயிரில்தான் வந்தது. அந்த மயிரில் இடைவெளி விட்டு இருக்கும் சிறு முடிச்சுகளில் ஒவ்வொரு படிகம் தனித்தனியாகத் தொடங்கியது. 1936இல் அப்படி அவர் வளர்த்ததுதான் மனிதன் உருவாக்கிய முதல் பனிப் படிகம். வெப்பநிலையும் ஈரமும் மாற மாறப் படிகத்தின் வடிவம் ஊசியாகவும் தட்டாகவும் நட்சத்திரமாகவும் மாறுவதை அவர் அட்டவணை போட்டுக் காட்டினார். பஞ்சுக் கம்பியில் நம் பிள்ளைகள் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான்.

இப்போது சோதனை. இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், மொத்தச் செய்முறையிலும் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொள்ளும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். ஒரே கரைசலை இரண்டு ஜாடிகளில் ஊற்றி, ஒரே மாதிரி இரண்டு நட்சத்திரங்களைத் தொங்கவிட்டு, ஒன்றைக் கனமான துண்டால் சுற்றி மெல்ல ஆறவிடுங்கள், கரைசல் கொஞ்சம் ஆறியபின் இன்னொன்றை ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தில் வையுங்கள் (கொதிக்கும் சூட்டில் வைத்தால் கண்ணாடி விரிசல் விடும்). வேறு எதையும் மாற்றக் கூடாது. எதில் படிகம் பெரிதாக வரும் என்று ஆளுக்கு ஒன்று எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகட்டும். பெரும்பாலும் ஐஸ் ஜாடியில் மணல் மாதிரி பொடிப் படிகங்கள் அப்பியிருக்கும், துண்டு சுற்றியதில் எண்ணிக்கை குறைவாகவும் உருவம் பெரிதாகவும் இருக்கும். சட்டென்று குளிர்ந்தால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கொத்துகள் தொடங்கிவிடுகின்றன, இருக்கிற படிகாரம் அத்தனைக்கும் பங்காகிப்போகிறது. மெல்ல ஆறினால் புதுக் கொத்து தொடங்குவது அரிது, ஏற்கனவே இருப்பவையே தொடர்ந்து வளர்கின்றன, ஒவ்வோர் அயனிக்கும் சரியான இடம் தேடி உட்கார நேரம் கிடைப்பதால் முகங்களும் தெளிவாக வருகின்றன.

அந்த முகங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நாம் வளைத்தது ஆறு கரம். கம்பியில் உட்கார்ந்திருக்கும் படிகங்களோ எண்முகிகள், முக்கோண முகங்கள் எட்டு, இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போன்ற வடிவம். சில கம்பியில் பாதி புதைந்து ஒரே ஒரு கூர்நுனியை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அதிலும் முக்கோணங்கள் ஒழுங்காகச் சந்திப்பதைப் பார்க்கலாம். ஆறு கரம் நம் விருப்பம், எட்டு முகம் அயனிகள் அடுக்கிக்கொள்ளும் விதம். கம்பியை இதயமாக வளைத்தாலும் மணியாக வளைத்தாலும் படிகம் எண்முகியாகவே வரும்.

நிஜப் பனிப் படிகத்தில் ஆறும் இயற்கையே கொடுப்பது. பிராகாவில் இருந்த யோகான்னஸ் கெப்ளர், பனித் துகளுக்கு எப்போதும் ஏன் ஆறு மூலை என்று யோசித்து, 1611இல் தன் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாக ஒரு சிறு கட்டுரையே எழுதினார். சிறு உருண்டைகள் நெருக்கமாக அடுக்கப்படுவதோடு இதற்குத் தொடர்பிருக்கலாம் என்று ஊகித்தார், அதற்குமேல் போக அன்று வழியில்லை. 1912க்குப் பிறகு எக்ஸ் கதிர்களால் படிகங்களுக்குள் பார்க்க முடிந்தபோதுதான், பனிக்கட்டியில் தண்ணீர் மூலக்கூறுகள் அறுகோண வளையங்களாகக் கோத்திருப்பது தெரிந்தது.

காகிதத்தில் பனிப் படிகம் வெட்டும்போதும் இதை நினைவில் வைக்கலாம். வட்டக் காகிதத்தைப் பாதி, பாதி, பாதி என்று மடித்தால் நான்கோ எட்டோ கரம்தான் வரும், அப்படி ஒரு பனிப் படிகம் எங்கும் விழுவதில்லை. முதலில் பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தை மூன்றாக மடிக்க வேண்டும். இரண்டு ஓர மடிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்வரை நகர்த்திப் பார்த்தால் 60 டிகிரி தானாகக் கிடைத்துவிடும், அளவுகோல் வேண்டாம். அதை இன்னொரு முறை பாதியாக மடித்தால் பன்னிரண்டு அடுக்கு, வெட்டி விரித்தால் ஆறு கரம். அந்தக் கடைசி மடிப்பைச் செய்யாமல் வெட்டினால் என்ன ஆகிறது என்றும் ஒரு காகிதத்தில் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் மூன்று திசைக்கான ஒழுங்கு மட்டும்தான் மிஞ்சும்.

படிகார நட்சத்திரத்துக்கு நிறம் வேண்டுமென்றால் கரைசலில் சாயம் கலந்து பயனில்லை. படிகம் தன் அடுக்கில் பொருந்தாத மூலக்கூறுகளை வெளியே தள்ளிவிடும், தண்ணீர்தான் நிறமாக நிற்கும். கம்பியையே சிவப்பாகவோ பச்சையாகவோ எடுத்தால் தெளிந்த படிகத்தின் வழியாக நிறம் அழகாகத் தெரியும்.

இன்னொன்று, இந்த உலர்ந்த படிகத்தின் எடையில் கிட்டத்தட்ட 45 சதவீதம் தண்ணீர். அதன் ஒவ்வோர் அலகிலும் பன்னிரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் அடுக்கின் பகுதியாகவே இருக்கின்றன. சூடாகும் பல்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் அந்தத் தண்ணீர் மெல்ல வெளியேறி, படிகம் பளபளப்பு இழந்து வெள்ளையாகப் பூத்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் நிறமில்லாத நெயில் பாலிஷை மெல்லிசாகப் பூசி, விளக்குகளிலிருந்து தள்ளித் தொங்கவிடுங்கள்.

படிகங்கள் இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் பாலிஷ் பூசுவதற்கு முன்பே, புதிதாகச் செய்த கரைசலில் மறுபடி தொங்கவிடலாம். கரைசல் அறைச் சூட்டுக்கு ஆறி, அடியில் ஓரிரண்டு படிகம் தெரியத் தொடங்கியபின்தான் இறக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே இறக்கினால் அந்தத் தண்ணீரில் இன்னும் இடம் காலியாக இருக்கும், ராத்திரி முழுக்க வளர்ந்ததைச் சில நிமிடங்களில் கரைத்துக்கொண்டுவிடும். அப்படியே ஆகிவிட்டாலும் படிகாரம் எங்கும் போய்விடவில்லை, அதே ஜாடியில்தான் இருக்கிறது, மூடி வைத்துவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள்.