கரண்ட் போனால் உங்கள் சர்வர் தானாக அணைகிறதா? யூபிஎஸ் பற்றிச் சில விஷயங்கள்

கோவை, திருப்பூர் பக்கம் சிறிய அலுவலகங்களின் கணினிகளையும் சர்வர்களையும் பராமரிப்பது என் தொழில். யூபிஎஸ் (கரண்ட் போனதும் பேட்டரியிலிருந்து கொஞ்ச நேரம் மின்சாரம் தரும் பெட்டி) வாங்க நினைக்கும் முதலாளிகள் அநேகமாக எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான்: "கரண்ட் போனா எத்தன மணி நேரம் ஓடுமுங்க?" வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் ஓட்டிப் பழகியதால் வரும் கேள்வி. டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடும் கணினிக்கும், ஸ்கேன் சென்டரின் சர்வருக்கும், ஆடிட்டர் அலுவலகத்தின் நாஸ் பெட்டிக்கும் (எல்லாரும் நெட்வொர்க் வழியாக ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி) வேறு கேள்வி கேட்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போகிறது. ஆபீஸில் ஆள் இல்லை. பேட்டரி தீர்வதற்குள் இந்த சர்வர் திறந்திருக்கும் ஃபைல்களை மூடிவிட்டுத் தானாக அணையுமா?

டேட்டாபேஸில் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் அறுந்தால் மொத்தக் கணக்கும் திறக்காமல் போகலாம். அதைத் தடுக்கச் சில நிமிட மின்சாரமும் யூபிஎஸ்ஸை சர்வரோடு இணைக்கும் ஒரு யூஎஸ்பி கேபிளும் போதும். நான் பார்த்த பல அலுவலகங்களில் யூபிஎஸ் நன்றாகவே இருக்கிறது. அதோடு வந்த கேபிள் மட்டும் கவர் பிரிக்காமல் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. சர்வரைப் பொறுத்தவரை அது பாதி யூபிஎஸ்தான். கரண்ட் போனது சர்வருக்குத் தெரியாது. பேட்டரி தீர்ந்ததும் ஒரேயடியாக அணையும். யூபிஎஸ் இல்லாமல் இருந்தால் நடந்திருக்கும் சேதம் கால் மணி நேரம் தாமதமாக நடக்கிறது, அவ்வளவுதான்.

கேபிளைச் செருகினால் விண்டோஸ் பல மாடல்களை லேப்டாப் பேட்டரி போலவே அடையாளம் கண்டுகொள்ளும். லினக்ஸுக்கும் பல நாஸ் பெட்டிகளுக்கும் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு சர்வர் யூபிஎஸ்ஸைக் கவனித்து, மற்ற மெஷின்களுக்கும் நெட்வொர்க் வழியாக "அணைந்துகொள்" என்று சொல்லும்படி அமைக்கலாம். அப்படிச் செய்தால் நடுவில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சும் யூபிஎஸ்ஸில்தான் இருக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். "பேட்டரி 20 சதவீதத்துக்கு வந்ததும் அணை" என்று அமைக்காதீர்கள். யூபிஎஸ் காட்டும் சதவீதம் ஒரு கணிப்பு. மூன்று வயதான லெட் ஆசிட் (ஈயமும் அமிலமும் கொண்ட) பேட்டரி 60 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே சடாரென்று விழுந்துவிடும். கரண்ட் போய் இரண்டு மூன்று நிமிடம் ஆனதும் அணைக்கத் தொடங்கு என்று நேரத்தை வைத்து அமைப்பதே பாதுகாப்பு. சில நொடி வெட்டுகளுக்கு சர்வர் அணையாது. நீண்ட வெட்டு என்றால் மேலும் இருபது நிமிடம் காத்திருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஈபி மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் மதியம் வரை வராது. அதற்குத் தேவை ஜெனரேட்டர்.

கரண்ட் திரும்பி வந்த பிறகு நடப்பதையும் யோசிக்க வேண்டும். சர்வர் முறையாக அணைந்துவிட்டது, ஆனால் யூபிஎஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்துவிட்டால், சர்வரின் பார்வையில் கரண்ட் போகவே இல்லை. காலையில் யாராவது வந்து பட்டனை அழுத்தும் வரை அணைந்தே கிடக்கும். சர்வர் அணைந்த பின் யூபிஎஸ் தன் அவுட்புட்டையும் ஒருமுறை துண்டித்துக் கொடுக்கும்படி அமைத்து, பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) கரண்ட் வந்ததும் எப்போதும் ஆன் ஆகும்படி வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். "முன்பிருந்த நிலைக்குத் திரும்பு" என்பதைத் தேர்ந்தால், முன்பிருந்த நிலை அணைந்த நிலைதானே, அப்படியே இருந்துவிடும்.

இனி அளவு. 600 வி.ஏ. (வோல்ட் ஆம்பியர்) என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதைப் பார்க்காமல் பின்பக்கம் எத்தனை வாட் என்று பாருங்கள். பெரும்பாலும் 360 வாட்தான் இருக்கும். உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட் அவர். ஆனால் அந்த 7 ஆம்பியர் அவர் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. கணினியும் மானிட்டருமாக 120 வாட் இழுத்தால் ஏறக்குறைய பாதிதான் கைக்கு வரும். புதிய பேட்டரியில் கால் மணி நேரம் எதிர்பார்க்கலாம். இரண்டு வருடம் கழித்து ஐந்து நிமிடம் நின்றால் பெரிது. லேசர் பிரிண்டரை இதில் மாட்டவே கூடாது. பேப்பரைச் சூடாக்கும் நொடியில் அது ஆயிரம் வாட்டைத் தொட்டுவிடும், யூபிஎஸ் ஓவர்லோடு ஆகி கணினியையும் சேர்த்து அணைத்துவிடும்.

"இந்தச் சின்ன யூபிஎஸ்ஸிலேயே 150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரியை மாட்டிக் கொடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. செய்யாதீர்கள். அந்த யூபிஎஸ்ஸின் டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் சில நிமிடம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. மணிக்கணக்கில் ஓடினால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். உள்ளிருக்கும் சின்ன சார்ஜராலும் அவ்வளவு பெரிய பேட்டரியை முழுதாக ஏற்ற முடியாது. அரைகுறை சார்ஜில் கிடக்கும் பேட்டரி சல்ஃபேட் படிந்து வீணாகும்.

வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை ஓட்டலாமா என்றால், யூபிஎஸ் மோட் உள்ள சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ஒற்றைக் கணினிக்குப் பரவாயில்லை. கணினியின் எஸ்எம்பிஎஸ் (உள்ளிருக்கும் பவர் சப்ளை) முழு லோடில் 16 மில்லி செகண்ட் போல மின்சாரமின்றித் தாங்கும். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகலாம். ஒரே அறையில் ஒரு கணினி தாங்குவதும் பக்கத்துக் கணினி ரீஸ்டார்ட் ஆவதும் இதனால்தான். சர்வருக்கு நான் சொல்வது ஆன்லைன் வகை யூபிஎஸ். அதில் சர்வர் எப்போதுமே இன்வெர்ட்டர் வழியாகத்தான் ஓடுகிறது, மாறும் இடைவெளியே கிடையாது. பக்கத்து யூனிட்டில் பெரிய மோட்டார் ஆன் ஆகும்போதெல்லாம் வோல்டேஜ் தொங்கும் இடங்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 1 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் மாடலைப் பொறுத்து 800 அல்லது 900 வாட் தரும். ஒரு சின்ன சர்வர், நாஸ், ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 350 வாட் என்றால் தாராளம்.

இத்தனை பார்த்து வாங்கியதையும் வீணாக்குவது வெப்பம். எஸ்எம்எஃப் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய லெட் ஆசிட்) பேட்டரியின் ஆயுள் 25 டிகிரியில் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லாரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. ஐந்து வருடப் பேட்டரி 35 டிகிரியில் இரண்டரை வருடத்தில் முடிந்துவிடும். பகலில் ஏசி ஓடுகிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, சாயங்காலம் ஏசியை அணைத்துவிட்டுப் பூட்டிப் போன பிறகும் பேட்டரி அங்கேதான் இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில், காற்றே போகாத மர அலமாரிக்குள், ஜெனரேட்டர் பக்கத்தில் வைத்த பேட்டரிகள் உப்பிப்போய், பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே முடியாமல் சிக்கிக்கொண்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கொஞ்சம் உப்பினாலும், புளித்த நெடி வந்தாலும், தொட்டால் சுட்டாலும் அன்றே மாற்றுங்கள்.

மாற்றும்போது தொகுப்பு முழுவதையும் மாற்றுங்கள். மூன்றில் ஒன்றுதான் கெட்டது என்று ஒன்றை மட்டும் மாற்றினால், பழையவற்றோடு சீரியலில் (ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து) இருக்கும் புதியதற்குச் சரியான சார்ஜ் போய்ச் சேராது. வாங்கும் பேட்டரியின் தயாரிப்புத் தேதியைப் பார்த்து, கடையிலேயே மல்டிமீட்டர் வைத்து அளந்துவிடுங்கள். 12.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அது ரேக்கில் வெகுநாள் கிடந்தது, வேண்டாம்.

லித்தியம் பேட்டரி நீண்ட நாள் உழைக்கும், வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் லெட் ஆசிட்டுக்குச் செய்த யூபிஎஸ்ஸில் அப்படியே தூக்கி மாட்டக் கூடாது, சார்ஜ் வோல்டேஜ் வேறு. வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் டேட்டா சென்டரில், சர்வர்களோடு ஒரே தளத்தில் இருந்த யூபிஎஸ் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்தது. 709 அரசு கணினி அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்களின் ஃபைல்கள் இருந்த 858 டெராபைட் சேமிப்பகம் எரிந்துபோனது, வேறிடத்தில் நகல் இல்லை. நம் அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு நாஸ் பெட்டிதான் என்றாலும், அதன் நகல் இன்னொரு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேலை முடிந்த சாயங்காலம், பேக்கப் எடுத்துவிட்டு யூபிஎஸ்ஸைச் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த்தும் சேர்ந்து போய்விடும். சுவரிலுள்ள ஸ்விட்சையோ எம்சிபியையோ அணையுங்கள். சர்வர் தானாக அணையத் தொடங்குகிறதா, முழுதாக அணைய எத்தனை நிமிடம் ஆகிறது, அதன் பிறகும் பேட்டரியில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். அணைய ஆறு நிமிடம் ஆகிறதென்றால், பழைய பேட்டரியிலும் 12 நிமிடமாவது தாங்க வேண்டும். தாங்காவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. தேதியையும் நிமிடத்தையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி யூபிஎஸ் மேலேயே ஒட்டுங்கள், ஆள் மாறினாலும் கணக்கு இருக்கும். அதே நாளில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் அளந்து பாருங்கள். மூன்று வோல்ட்டைத் தாண்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்து போயிருக்கலாம், அல்லது எங்கோ நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கலாம். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் முழுதாக அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறிவிடும். அந்த வேகத்தில் யூபிஎஸ்ஸே எரிந்துபோகும்.

பெரிய ஆன்லைன் யூபிஎஸ்ஸில் 16 பேட்டரிகள் சீரியலில் இருக்கும். 192 வோல்ட் டிசி. மெயினை அணைத்தாலும் அந்த முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். மோதிரம், வாட்ச், காப்பு போட்ட கையோடு அதைத் தொடக் கூடாது. ஆபீஸ் பையனை அனுப்பி நட்டு முடுக்கச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், பழகிய டெக்னீஷியன் வரட்டும்.

கழற்றிய பேட்டரியைப் புதியது வாங்கும் டீலரிடமே கொடுங்கள், ஈயத்துக்கு விலை போட்டுக் கழித்துக்கொள்வார். தயாரிப்பாளர்களே பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள். தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் பத்து ரூபாய் கூடக் கிடைக்கலாம். ஆனால் அது உடைபடும் இடத்தில் ஆசிட் மண்ணில் ஊற்றப்படும், ஈயத்தூள் அங்கே விளையாடும் குழந்தைகளின் மூச்சில் கலக்கும்.