போன புதிதில் நல்லாத்தானே இருந்தான்?

பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டு என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோர், மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடியோ காத்தான்குடியோ வாழைச்சேனையோ, முதலில் கேட்பது இதைத்தான். போன புதிதில் நாளுக்குப் பத்துப் படம் அனுப்பியவன் இப்போது கோலையே எடுப்பதில்லை. "யாரோடயும் பிரச்சினையோ? காதல் கீதல் ஏதுமோ?" என்று சந்தேகம் எங்கெங்கோ ஓடுகிறது.

பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1960இல் வெளிவந்த கட்டுரையிலேயே இதை எழுதிவிட்டார். புது நாட்டில் முதலில் எல்லாமே அதிசயமாக இருக்கும். அந்த மயக்கம் சில நாளிலிருந்து ஆறு மாதம் வரை நீடிக்கலாம். பிறகுதான் எரிச்சலும் ஊர் ஏக்கமும் வரும். அதையும் தாண்டிப் பலர் மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறார்கள். யோசிக்காமலே நாம் நடந்துகொள்ள உதவும் சின்னச் சின்ன அடையாளங்கள் அங்கே இல்லாமல் போவதுதான் காரணம் என்கிறார் அவர்.

எவ்வளவு சின்னது என்று கேட்டால், விரிவுரையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். "சேர்", "மிஸ்" என்றே வளர்ந்த பிள்ளைக்கு வாய் வராது. கூப்பிட முடியாததால் சந்தேகம் கேட்பதில்லை, கேட்காததால் பாடம் தேங்கும். ஊரில் ஏ எடுத்த பிள்ளை தனக்கு மூளையே இல்லை என்று நம்பத் தொடங்கும்.

இங்கிலாந்துக்குப் போன ஒரு மாணவி (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்) பொதுச் சமையலறையில் சம்பலுக்குச் செத்தல் மிளகாய் வறுத்திருக்கிறாள். புகை அலாரம் அடித்து, கட்டடம் முழுக்க இரவு உடுப்போடு குளிரில் இறங்கி நின்றது. யாரும் ஏசவில்லை, சிலர் பகிடியாகத்தான் எடுத்தார்கள். ஆனால் அதன்பிறகு அவள் அந்தச் சமையலறைக்கே போகவில்லை. அறைக்குள் கேத்தலில் நூடில்ஸ்தான். அங்கே போகாததால் கூட இருப்பவர்களோடு கதைக்கும் ஒரே இடமும் போயிற்று. அம்மா "சாப்பிட்டியா மனே?" என்று கேட்கும்போதெல்லாம், "ஓம் அம்மா, சோறும் மீன்கறியும்."

ஏன் பொய்? காணியை ஈடு வைத்து, நகையை அடகு வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். கஷ்டம் என்று சொன்னால் அம்மா அழுவார், அப்பா கடனைப் பற்றி யோசிப்பார், பெரியம்மா வீட்டுக்கு விஷயம் போகும். இந்தக் கணக்கு போடாத பிள்ளையை நான் கண்டதில்லை.

செப்டெம்பரில் போகிறவர்களுக்குக் காலநிலையும் சேர்ந்து அடிக்கிறது. நமக்கு வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் பொழுது சாயும். லண்டனில் டிசெம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், நேர வித்தியாசம் நாலரையிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் ஆகும். நாம் இரவு எட்டுக்கு ஆறுதலாக இருந்து கோல் எடுக்கும்போது அங்கே பகல் இரண்டரை, பிள்ளை வகுப்பில். அது பகுதிநேர வேலை முடிந்து இரவு பதினொன்றுக்கு அறைக்கு வரும்போது இங்கே விடியற்காலை நாலரை.

அதற்காக, நாள் முழுக்க வீடியோவை ஓட விட்டு, போனைச் சாத்திவைத்துவிட்டுப் படிக்கும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. உடல் அங்கே, காது இங்கே என்றால் பழகுவதற்கு இடமே இல்லை. கிழமைக்கு இரண்டு மூன்று நாள், இருவருக்கும் ஒத்துவரும் நேரத்தில் கதையுங்கள். "சாப்பிட்டியா"வை விடவே முடியாது, சரி. கூடவே "இண்டைக்கு ஆரோட கதைச்சனி?" என்றும் கேளுங்கள். ஒரு பெயராவது வருகிறதா என்று பாருங்கள். பிள்ளை அழுதால் அழ விடுங்கள். உடனே "திரும்பி வந்திடு" என்றோ "எவ்வளவு செலவழிச்சிருக்கம் தெரியுமா" என்றோ சொல்ல வேண்டாம்.

ஏக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. ஏக்கம் வந்து வந்து போகும், நல்ல ஒரு நாளும் இடையில் இருக்கும். இரண்டு கிழமைக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே கிடந்தால், தூக்கமும் பசியும் குழம்பினால், விருப்பமான எதிலும் நாட்டமில்லை என்றால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். "இருந்து என்ன பிரயோசனம்" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே. இங்கிலாந்து என்றால் ஜீபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதியலாம். அதற்கான சுகாதாரக் கட்டணத்தை விசா எடுக்கும்போதே கட்டியாயிற்று. மாணவர்களுக்கு 2024 பெப்ரவரி முதல் வருடத்துக்கு 776 பவுண். ஆனாலும் பலர் காசு போகும் என்று பயந்து போவதில்லை. ஜீபியைப் பார்த்தால் விசா போய்விடும் என்ற பயமும் உண்டு, அப்படி இல்லை. இரவில் யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால் அங்கே சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பின் தொலைபேசி இலக்கம் 116 123, இலவசம். இங்கே இலங்கையில் தவிக்கும் பெற்றோருக்கு தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926.

படிப்பை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று பிள்ளை சொன்னால், வெளிநாட்டு மாணவர் பிரிவில் கேட்காமல் டிக்கெட் போட வேண்டாம். பல பல்கலைக்கழகங்களில் படிப்பைத் தற்காலிகமாக இடைநிறுத்தலாம். ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர் இடைநிறுத்தினால் பல்கலைக்கழகம் அதைக் குடிவரவு அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். எப்போது நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், கட்டிய காசில் எவ்வளவு திரும்பும், மறுபடி போவதற்கு விசா புதிதாக எடுக்க வேண்டுமா என்பதையெல்லாம் முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.