வீலின் பின்பக்கத்தில் இருக்கும் எண்கள்

அலாய் வீல் மாற்ற நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது டிசைன், அடுத்தது எத்தனை இன்ச் என்பது. ஆனால் கார் எப்படித் திரும்பும், எப்படிக் குலுங்கும், ஸ்டீயரிங் கையில் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் பெருமளவு தீர்மானிக்கும் எண்கள் வீலின் பின்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். மாட்டிவிட்டால் கண்ணில் படாது. அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பதை ஒரே ஒரு காரை வைத்துப் பார்ப்போம்.

மஸ்தா எம்எக்ஸ்-5. 1989 சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை. இரண்டு இருக்கை, திறந்து மூடும் கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், பின்சக்கர இயக்கம், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. அது தொழிற்சாலையிலிருந்து வந்தது 185/60 ஆர்14 டயரோடும், 14 இன்ச் விட்டமும் 5.5 இன்ச் அகலமும் கொண்ட வீலோடும். இன்றைய கண்ணுக்கு ஒல்லியாகத் தெரியும். அதனால்தான் எல்லோருக்கும் அதை மாற்றத் தோன்றுகிறது. நியாயமான காரணமும் ஒன்று உண்டு: 14 இன்ச்சில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் கிடைப்பது அரிதாகிவிட்டது.

முதலில் டயர் கணக்கு. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. இங்கே 111 மிமீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 14 இன்ச் ரிம், அதாவது 355.6 மிமீ. மொத்த விட்டம் 577.6 மிமீ. இப்போது 195/50 ஆர்15 டயரை இதே மாதிரி கணக்கிட்டால் 576 மிமீ வரும். ரிம் ஒரு இன்ச் பெரிதாகியும் டயரின் மொத்த விட்டத்தில் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. ஸ்பீடோமீட்டருக்கும் கியருக்கும் எதுவும் மாறியதே தெரியாது.

205/50 ஆர்15 போட்டால் 586 மிமீ, ஒன்றரை சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் முன்பைவிட ஒன்றரை கிலோமீட்டர் கூடுதலாக ஓடும். உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்று ஐரோப்பிய விதிகள் இருப்பதால் மீட்டர்கள் பொதுவாகவே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அந்த இடைவெளிக்குள் இது அடங்கிவிடும். 17 இன்ச்சுக்குப் போய் 205/40 போட்டால் மூன்று சதவீதத்துக்கு மேல் பெரிதாகும், பக்கச்சுவர் வெறும் 82 மிமீ ஆகும். எஞ்சினுக்கு இழுவை குறைந்த மாதிரி இருக்கும், பள்ளத்தில் விழும் அடி நேராக ரிம்முக்குப் போகும். இந்தக் காருக்கு 17 இன்ச் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

சரி, 15 இன்ச் என்று முடிவாகிவிட்டது. அடுத்து வருவதுதான் பலர் கவனிக்காமல் விடுவது: ஆஃப்செட்.

வீலை அகலவாக்கில் சரிபாதியாக வெட்டுவதுபோல ஒரு கோடு நினைத்துக்கொள்ளுங்கள். வீல் ஹப்பில் (வீலை மாட்டும், அதோடு சேர்ந்து சுழலும் மையப் பகுதியில்) போய் உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். பின்பக்கத்தில் ஈடி45 என்றோ ஈடி35 என்றோ போட்டிருக்கும். எண் பெரிதானால் வீல் காருக்குள்ளே போகும். சிறிதானால் வெளியே வரும். எம்எக்ஸ்-5-இன் 5.5 இன்ச் வீல் ஈடி45.

இப்போது 7 இன்ச் அகலத்தில் ஈடி35 வீல் ஒன்றை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். 5.5 இன்ச் என்பது 139.7 மிமீ, அதில் பாதியோடு 45-ஐக் கூட்டினால் ஹப்பிலிருந்து உள்விளிம்பு ஏறக்குறைய 115 மிமீ தூரம். 7 இன்ச் என்பது 177.8 மிமீ, அதில் பாதியோடு 35-ஐக் கூட்டினால் 124 மிமீ. ஆக, உள்பக்கம் சஸ்பென்ஷனை நோக்கி 9 மிமீ நெருங்கிவிட்டது. வெளிப்பக்கத்துக்குக் கூட்டாமல் கழிக்க வேண்டும்: பழையது 25 மிமீ, புதியது 54 மிமீ. 29 மிமீ வெளியே வந்துவிட்டது. அகலத்தில் ஒன்றரை இன்ச்தான் மாற்றினோம், ஆனால் அதில் முக்கால் பங்கு மட்கார்டு பக்கம் போய்விட்டது. ஒரு துண்டுத் தாளும் பேனாவும் போதும், இந்தக் கணக்கை எந்தக் காருக்கும் போட்டுவிடலாம். ஷாக் அப்சார்பருக்கு எவ்வளவு இடம், மட்கார்டு ஓரத்துக்கு எவ்வளவு இடம் என்று அளந்து வைத்துக்கொண்டு, வாங்கும் முன்பே போட்டுப் பாருங்கள்.

ஆஃப்செட் இடித்துக்கொள்ளும் பிரச்சினை மட்டும் இல்லை. ஸ்டீயரிங் திரும்பும்போது முன்சக்கரம் ஒரு சாய்வான அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சை நீட்டினால் தரையில் ஒரு புள்ளியைத் தொடும். டயர் தரையைத் தொடும் பகுதியின் மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரத்தை வடிவமைப்பாளர்கள் மில்லிமீட்டர் கணக்கில் பார்த்து வைத்திருப்பார்கள். ஆஃப்செட்டை 10 மிமீ குறைத்தால் டயரின் மையம் 10 மிமீ வெளியே நகரும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினாலோ, ஒரு பக்கம் மட்டும் ஈரத்தில் பிரேக் பிடித்தாலோ, ஸ்டீயரிங்கை இழுக்கும் விசைக்கு இப்போது நெம்புகோல் மாறிவிட்டது. ஹப் பேரிங் மீதான முறுக்கும் மாறும். 10 மிமீ வரை பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தட்டைப் போட்டு 25, 30 மிமீ என்று தள்ளுவதுதான் ஸ்டீயரிங்கின் குணத்தையே மாற்றிவிடுகிறது.

அப்புறம் எடை. வீலில் குறைக்கும் ஒரு கிலோ உடம்பில் குறைக்கும் பத்து கிலோவுக்குச் சமம் என்று ஒரு பேச்சு உண்டு. முடுக்கத்தைப் பொறுத்தவரை இது தவறு. வீல் முன்னே நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். டயரின் வெளிப்பரப்பில் இருக்கும் ஒரு கிலோ, நகர்வுக்கு ஒன்று, சுழற்சிக்கு ஒன்று என்று இரண்டு கிலோ போல நடந்துகொள்ளும். அதற்குமேல் போகாது. 15 இன்ச் ரிம்மின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ ஏறக்குறைய 1.4 கிலோதான். நான்கு வீலிலும் இரண்டிரண்டு கிலோ குறைத்தாலும் 11 கிலோ இறக்கி வைத்த பலன்.

உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. சாலையின் மேடு சக்கரத்தை மேலே தூக்கி எறிகிறது; ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதைத் திரும்பக் கீழே தள்ள வேண்டும். வீல் கனமாக இருந்தால் திரும்பி வரத் தாமதமாகும். அந்த நொடியின் சிறு பகுதியில் டயர் தரையை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும், பிடிப்பு குறைந்திருக்கும். எம்எக்ஸ்-5 மாதிரி லேசான காரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் மேலே அமுக்கும் உடம்பே சின்னது. மஸ்தாவும் இந்த விஷயத்தில் கறாராகவே இருந்திருக்கிறது. மூன்றாம் தலைமுறையில் வீலுக்கு ஐந்து போல்ட் வைத்தார்கள். எடை குறைப்பதையே குறியாக வைத்து உருவாக்கிய நான்காம் தலைமுறையில் மறுபடி நான்குக்கே வந்துவிட்டார்கள்.

எடை குறைவாக இருப்பது எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. அச்சில் ஊற்றி வார்த்த சாதாரண அலாய், வலு வேண்டும் என்பதற்காகத் தடிமனாக இருக்கும். வார்த்த பிறகு ரிம் பகுதியை மட்டும் சூட்டில் சுழற்றி, உருளைகளால் அழுத்தி நீட்டினால் உலோகம் இறுகும், மெல்லியதாகச் செய்தாலும் தாங்கும். முழு வீலையும் அழுத்தத்தில் உருவாக்கும் ஃபோர்ஜிங் முறை எல்லாவற்றிலும் வலுவானது, விலையும் அதற்கேற்ப. எந்த முறையாக இருந்தாலும் ஜப்பானியத் தர முத்திரையான ஜேடபிள்யூஎல் போன்ற ஒன்று பொறிக்கப்படாத மலிவு வீலை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். இரும்பு வீல் அடிபட்டால் வளையும்; மோசமான வார்ப்பு அலாய் விரிசல் விடும்.

அகலமான டயர் தரையில் அதிக பரப்பைத் தொடும் என்பதும் பாதிதான் உண்மை. பரப்பைப் பெருமளவு தீர்மானிப்பது சுமையும் காற்றழுத்தமும். ஒரு சக்கரத்தில் 250 கிலோ, 26 பிஎஸ்ஐ காற்று என்றால், டயர் எந்த அகலமானாலும் சுமார் 135 சதுர சென்டிமீட்டர்தான். மாறுவது வடிவம். ஒல்லியான டயரின் தடம் நீளமாக இருக்கும். அகலமான டயரின் தடம் குட்டையாகவும் பரந்தும் இருக்கும். வளைவில் திரும்பும்போது நீண்ட தடத்தின் பின்பகுதி ரப்பர் சீக்கிரமே வழுக்கத் தொடங்கும். குட்டையான தடத்தில் அது தள்ளிப்போகும், அதனால் பிடிப்பு கூடும். பதிலுக்கு எடை ஏறும், மழையில் டயர் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் கூடும். 115 குதிரைத்திறன் காரில் அளவுக்கு மீறிப் பிடிப்பைக் கூட்டினால் பின்பக்கம் மெதுவாக நழுவி எச்சரிக்கும் அந்த அருமையான குணமும் போய்விடும். ஆகவே 195/50 டயர், 15 க்கு 7 வீல், 35 முதல் 40 வரை ஆஃப்செட். இந்த டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 5.5 முதல் 7 இன்ச் என்பதால் விதிக்குள்ளும் அடங்குகிறது. சுமைக் குறியீடு 82-க்குக் குறையக் கூடாது. ஒரு டயர் 475 கிலோ தாங்கும் என்று பொருள்.

மீதியெல்லாம் விட்டுக்கொடுக்கவே முடியாதவை. நான்கு போல்ட்டும் அமைந்த வட்டத்தின் விட்டம் 100 மிமீ. சில இத்தாலியக் கார்களுக்கு 98. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், முறுக்கினால் நட்டும் ஏறிவிடும், ஆனால் கோணலாகத்தான் உட்காரும். ஹப்பின் நடுத்துளை 54.1 மிமீ, புது வீலின் துளை பெரிதாக இருந்தால் அந்த இடைவெளிக்கு வளையம் வாங்கிப் போட வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் அதிரும். நட்டின் கூம்பும் வீலில் உள்ள குழியும் பொருந்த வேண்டும். மாட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, இருவரை உட்கார வைத்து ஒரு வேகத்தடையில் ஏற்றிப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனரால்) நட்டுகளை மறுபடி இறுக்கிவிடுங்கள்.