சமமாகப் பிரித்தால் ஐபி பத்தாது

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. திருநெல்வேலி டவுனில் ரத வீதிப் பக்கம் உள்ள ஒரு ஜவுளிக்கடையிலிருந்து போன் வந்தது. காலையில் நன்றாக ஓடிய பில்லிங் கம்ப்யூட்டர்களில் மூன்று, மதியம் கூட்டம் ஏறிய பிறகு சர்வரோடு சேரவில்லை. “புது சுவிட்ச் போட்டிருக்கோம்லா தம்பி, பெறகும் பில்லு ஏன் நிக்கி?” என்றார் கடை அண்ணாச்சி.

போய்ப் பார்த்தால் மூன்றிலும் ஐபி, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கருவியின் முகவரி எண், 169.254 என்று தொடங்குகிறது. எண்களைத் தானாகப் பங்கிட்டுத் தரும் டிஹெச்சிபியிடம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் விண்டோஸ் தானே போட்டுக்கொண்ட எண் அது. சுவிட்ச்சில் குறை எதுவும் இல்லை. கொடுக்க எண்தான் இல்லை.

பில்லிங் மென்பொருள் தரும் நிறுவனம் விபிஎன் என்னும் தன் தனி நெட்வொர்க்கில் இந்தக் கடைக்கு ஒதுக்கியது ஒரே ஒரு /24. அதாவது 192.168.40.0, மொத்தம் 256 எண்கள். சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் ஒன்று கூடினால் துண்டு பாதியாகும். முன்பு வேலை பார்த்தவர் அதை எட்டுச் சம துண்டுகளாக, /27 ஆக வெட்டியிருந்தார். ஒவ்வொன்றிலும் 32 எண்கள். முதல் எண் நெட்வொர்க்குக்கும் கடைசி எண் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட்டுக்கும் போக, மிச்சம் 30. கடை திறந்த காலத்தில் விற்பனைத் தளத்துக்கு அது போதும். சீசன் ஆட்களின் ஸ்கேனிங் போன்களும் சேர்ந்ததும் 40ஐத் தாண்டிவிட்டது. பாளையங்கோட்டைக் கிளைக்குப் போகும் இணைப்புக்கும் அதே 30தான். அங்கே இருப்பதோ இரண்டு ரூட்டர். 28 எண்கள் சும்மா கிடக்கின்றன.

சமமாகப் பிரிப்பது வயலில் பங்காளிகளுக்கு நியாயம். நெட்வொர்க்கில் யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். ஒரே பிளாக்குக்குள் வேறுவேறு நீள மாஸ்க் (துண்டின் அளவைச் சொல்லும் எண்) போடும் இந்த முறைக்குப் பெயர் விஎல்எஸ்எம். 1987இல் வந்த ஆர்எஃப்சி 1009 என்ற இணைய விதி ஆவணத்தின் காலத்திலிருந்தே இதற்கு அனுமதி உண்டு.

தனியார் முகவரிதானே, 10.0.0.0/8இல் ஒன்றரைக் கோடிக்கு மேல் எண் கிடக்கிறதே, கஞ்சத்தனம் எதற்கு என்று கேட்கலாம். முழு நெட்வொர்க்கும் உங்கள் கையில் இருந்தால் தாராளமாக வெட்டுங்கள், நானும் அப்படித்தான் செய்வேன். இன்னொருவர் அளந்து தந்த துண்டுக்குள் பிழைக்கும்போதுதான் இந்தக் கணக்கு வேண்டியிருக்கிறது.

அண்ணாச்சியிடம் அடுத்த இரண்டு வருடத் தேவையைக் கேட்டேன். விற்பனைத் தளம் 70, மாடி கட்டினால் கேமரா 40, கணக்குப் பிரிவு 22, சர்வரும் பிரிண்டரும் 10, பாளையங்கோட்டைக்கும் தென்காசிக்கும் தலா ஓர் இணைப்பு. பெரியதிலிருந்து இறங்கினேன். விற்பனைக்கு 40.0/25 (முன்னால் வரும் 192.168 எல்லாவற்றுக்கும் பொது). கேமராவுக்கு 40.128/26. கணக்குக்கு 40.192/27. சர்வருக்கு 40.224/28. இணைப்புகளுக்கு 40.240/30, 40.244/30. இணைப்புக்கு இரண்டே எண் கொண்ட /31 போட்டாலும் நடக்கும், 2000இல் வந்த ஆர்எஃப்சி 3021 அதற்குத்தான். அந்தப் பழைய ரூட்டரை நம்பி நான் இறங்கவில்லை.

பெரியதை முதலில் வைக்கக் காரணம் உண்டு. /25 துண்டு 0இல் அல்லது 128இல்தான் தொடங்கும், /26 துண்டு 64இன் மடங்குகளில்தான். வேலைக்கு வந்த புதிதில், நினைவில் நிற்கட்டும் என்று ஒரு /24க்குள் இரண்டு இணைப்புகளை .100/30, .200/30 என்று கொடுத்தேன். இரண்டுமே செல்லுபடியாகும் எண்கள். ஆனால் இரண்டு பாதியிலும் ஒவ்வொரு முளை அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு முழுசாக ஒரு /25 எடுக்க வழியே இல்லை. 248 எண்கள் காலியாக இருந்தும்!

மாற்றும் நாளில் தடுமாற வைப்பது கையால் ஐபி போட்ட கருவிகள். இந்தக் கடையில் லேபிள் பிரிண்டர். எண்ணை மாற்றியவர் மாஸ்க்கை 255.255.255.0 என்றே விட்டுவிட்டார். பிரிண்டருக்கு 256 எண்களும் தன் வீட்டுக்குள்ளேயே இருப்பதாக நினைப்பு. விற்பனைத் தளத்துக்குப் பதில் அனுப்ப ரூட்டரைத் தேடவே இல்லை, ‘இந்த எண் யாருடையது’ என்று தன் துண்டுக்குள்ளேயே ஏஆர்பி கேட்டுக்கொண்டே இருந்தது. சர்வரிலிருந்து பிரிண்ட் வந்தது, பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லை. மாஸ்க்கை 255.255.255.240 ஆக்கியதும் சரியானது. கேமராக்கள் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க இரண்டு ராத்திரி ஆனது. ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ள ரிப் முதல் பதிப்பு ஓடினால் இதெல்லாம் வீண், அது மாஸ்க்கைச் சுமந்து போகாது. அதே வேலை செய்யும் ஓஎஸ்பிஎஃப் அல்லது ரிப் இரண்டாம் பதிப்பு வேண்டும்.

எல்லாம் முடிந்து 248 முதல் 255 வரை எட்டு எண்கள் மிஞ்சின. “அது எதுக்கு தம்பி சும்மா கெடக்கு?” என்றார் அண்ணாச்சி. இன்னும் இரண்டு கிளைக்கு இணைப்பு கொடுக்கலாம் என்றேன்.

“அப்போ வள்ளியூர்ல எடம் பாக்கலாம்லா” என்றார்.