மல்லாட்டை வேரில் நடக்கும் தேர்வு

வேர்க்கடலையை வேலூர், அணைக்கட்டுப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். ஆடிப்பட்டத்தில் மானாவாரியாக விதைத்த செடியைப் பூக்கும் பருவத்தில், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, வேர் அறாமல் பிடுங்கி நீரில் அலசினால், பக்கவேர் கிளைக்கும் கவட்டில் கடுகளவு உருண்டைகள், அதாவது வேர்முடிச்சுகள், ஒட்டியிருப்பது தெரியும். நகத்தால் ஒன்றைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. உள்ளே வெளுத்திருந்தால் அந்த முடிச்சு சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள்.

முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபிய வகைப் பாக்டீரியங்கள், காற்றில் 78 விழுக்காடு உள்ள நைட்ரஜனைச் செடிக்கு உகந்த தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரையை ஊட்டுகிறது. நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியம் மூச்சுவிடவும் ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்கவே அந்தச் சிவப்புப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, அளந்து கொடுக்கிறது. இது பாடநூல் செய்தி. அதிகம் பேசப்படாதது, மண்ணிலுள்ள இத்தகைய கூட்டாளிகள் செடிகளின் பரம்பரையையே மாற்றியிருக்கின்றன என்பது.

கூட்டு மிகப் பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊரில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட புதைபடிவங்களில், உண்மையான வேரே இல்லாத செடிகளின் திசுக்களுக்குள் பூஞ்சை இழைகள் காணப்படுகின்றன. மண்ணிலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸை) திரட்டித் தந்த அந்தப் பூஞ்சைகளை உள்ளே அனுமதிக்கத் தோன்றிய மரபணுக்களையே, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பயறு வகைகளின் மூதாதையர் பாக்டீரியங்களை வரவேற்கவும் பயன்படுத்திக்கொண்டனர். பழைய வாசலிலேயே புது விருந்தாளியும் நுழைந்தார் எனலாம்.

வந்த கூட்டு நிலைத்துவிடும் என்பதில்லை. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோசு ஆகியவற்றின் குடும்பம் பூஞ்சைக் கூட்டைக் கைவிட்டது. அதற்குத் தேவையான மரபணுக்கள் சிலவும் அக்குடும்பத்தின் வழியில் மறைந்துபோயின. முடிச்சு உண்டாக்கும் திறனும் அப்படியே பல கிளைகளில் தொலைந்திருப்பதை 2018இல் வெளியான மரபணுத் தொகுதி ஒப்பீடுகள் காட்டின. பாக்டீரியத்தை வளர்க்கச் செலவாகும் சர்க்கரை கொஞ்சமல்ல. வரவைவிடச் செலவு மிஞ்சும் இடத்தில் கூட்டை விட்டொழித்த செடியே தழைத்திருக்கும் என்று கருதலாம்.

சர்க்கரையைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும் பாக்டீரியத்தைச் செடி எப்படிச் சமாளிக்கிறது? 2003இல் வெளியான ஒரு சோதனையில், சோயா முடிச்சுகளைச் சூழ்ந்த காற்றில் நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் என்னும் வினைபுரியாத வாயுவைச் செலுத்தி, பாக்டீரியம் விரும்பினாலும் வேலை செய்ய முடியாதபடி ஆக்கினர். அந்த முடிச்சுகளுக்குள் ஆக்சிஜன் வரத்து குறைந்தது, பாக்டீரியப் பெருக்கமும் வெகுவாகச் சரிந்தது. பட்டாணியும் தீவனப் பயிரான குதிரைமசாலும் இன்னும் கடுமையானவை. தம் சிறு புரதங்களால், முடிச்சுக்குள் வேலைசெய்யும் பாக்டீரியங்களை ஊதவைத்து, இனி இனம் பெருக்கவே முடியாதவையாக மாற்றிவிடுகின்றன.

செடிக்கு ஒரு தலைமுறை என்பது ஒரு போகம். அதற்குள் பாக்டீரியங்கள் எத்தனையோ தலைமுறைகளைக் கடந்துவிடும். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் கடுகினச் செடிகளைச் சில தலைமுறைகள் வறட்சியிலும் ஈரத்திலும் வளர்த்தபோது, செடியைவிட மண்ணின் நுண்ணுயிர்க் கூட்டமே வேகமாக மாறியது. வறட்சிக்குப் பழகிய நுண்ணுயிர்கள் உடனிருந்த செடிகளே வறட்சியில் நன்றாகக் காய்த்தன. பூஞ்சையை உதறிய குடும்பத்துக்கும் மண்ணின் பிற உயிர்கள் இல்லாமல் ஆகவில்லை.

உரத்தால் இந்தக் கணக்கு கெடுவதும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் 22 ஆண்டுகள் நைட்ரஜன் உரமிட்ட நிலத்திலிருந்து எடுத்த ரைசோபியங்கள், உரமிடாத நிலத்திலிருந்து எடுத்தவற்றைவிடக் பயறுக் குடும்பத்துத் தீவனப் பயிரான குளோவர் செடிக்குக் குறைவாகவே உதவின என்று 2015இல் தெரிவிக்கப்பட்டது. தழைச்சத்து மண்ணிலேயே கிடைக்கும்போது செடி கூட்டாளியிடம் கறாராக இருக்கத் தேவையில்லாமல் போவதே காரணமாக இருக்கலாம். பாக்கெட்டில் வாங்கிய ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைத்தாலும், அது முதலில் போட்டியிட வேண்டியது மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் ரைசோபியங்களுடன்தான். சோம்பேறிகளானாலும் எண்ணிக்கையில் மிகுந்த அவையே பல முடிச்சுகளைப் பிடித்துக்கொள்கின்றன.