மரம் விழுந்த வருடத்து லாபம்

2017 நவம்பர் 30-ல் ஓக்கி புயல் அடித்தது. அந்த நிதியாண்டுக் கணக்கை முடிக்க, குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் விவசாயி நாகர்கோவிலில் உள்ள என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்தார். வருடத்துக்கு ஒரு நீள நோட்டு போடுகிறவர். ஷீட் விற்ற வரவு ஒரு பக்கம். பால் வெட்டுக் கூலி, ஆசிட், உரம் எதிர்ப்பக்கம். அந்த வருடம் ஷீட் வரவு பாதியில் நின்றிருந்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: ‘தடி விற்ற வகையில்’. தொகை பெரிது. கூட்டிப் பார்த்தால், என்னிடம் கணக்கு கொடுக்க ஆரம்பித்த நாள் முதல் அவருக்கு அதிக மிச்சம் வந்த வருடம் அதுதான்!

“சாரே, இவ்வளவு லாபம் காட்டுது. கையில ஒண்ணும் நிக்கலியே” என்றார்.

காற்று சாய்த்த மரங்களை விற்ற பணம் அது. திரும்பின பக்கமெல்லாம் மரம் கிடந்ததால் தடி வியாபாரி சொன்னதுதான் விலை. ஆனாலும் மொத்தமாக வந்த பணம், நோட்டில் பெரிதாகத் தெரிந்தது. புதுக் கன்று நட்டால் பால் வெட்டக் கத்தி வைக்க ஏழு வருடமாவது ஆகும். அதுவரை என்ன செய்வார்? அவர் விற்றது விளைச்சலை அல்ல, விளைய வைத்த முதலை, அதாவது மூலதனத்தை. முதல் வேறு, வரவு வேறு என்பது எங்கள் படிப்பில் ஆரம்பப் பாடம். அந்த வரியை அடித்துவிட்டு, முதல் கணக்கில் தனியாக எழுதினேன். லாபம் நஷ்டமாக மாறியது. “இப்ப சரியா இருக்கு” என்றார், நல்ல சேதி கேட்டவர் மாதிரி.

நாட்டுக் கணக்கில் அந்த வரியை யாரும் அடிப்பதில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தி என்கிறோமே, அதில் ‘மொத்த’ என்றால் தேய்மானம் கழிக்காதது என்று அர்த்தம். சாய்ந்த மரத்தை அறுத்த வேலை, புது மின்கம்பம் நட்ட வேலை எல்லாம் அதில் கூடும். கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் வீடு அதில் எங்கும் வராது. தேய்மானம் கழித்த நிகரக் கணக்கு என்று ஒன்று உண்டு. அதிலும் கழிப்பது கட்டடம், இயந்திரம் தேய்ந்ததைத்தான். மலை தேய்ந்ததை அல்ல.

மலை என்றதும் களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் நினைவுக்கு வரும். குவாரிக் கணக்கில் டீசல் உண்டு, வெடிமருந்து உண்டு, அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் என்ற கட்டணம் உண்டு. உடைந்து போன மலைக்கு ஈடாக மறுபடி ஒரு மலையை வைக்க என்ன செலவாகும் என்று ஒரு வரி எழுத முடியாது. பக்கத்து வீட்டுச் சுவரில் விழுந்த கீறல் அந்தக் கணக்கில் சேராது. அது அந்த வீட்டுக்காரரின் செலவு. நாஞ்சில் நாட்டு வயலும் இப்படித்தான். சானல் தண்ணீர் பாய்ந்து இரண்டு பூ விளைந்த நிலத்தில் மண் நிரப்பி, சென்ட் கணக்கில் விற்றால் பத்திரச் செலவு முதல் பெயின்ட் கூலி வரை எல்லாம் வளர்ச்சி. அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு ஊறிக்கொண்டிருந்த தண்ணீருக்கு யாரும் பில் போட்டதில்லை, அதனால் அது நின்றதும் கணக்கில் தெரியாது.

எங்கள் தொழிலிலேயே இதைச் சொன்னவர் ஒருவர் உண்டு. ஜே.சி. குமரப்பா, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். 1929-ல் காந்தியைச் சந்தித்த பிறகு மும்பையில் இருந்த ஆடிட்டர் தொழிலை விட்டுவிட்டு கிராமப் பொருளாதாரத்தில் இறங்கினார். எடுக்க எடுக்கத் தீரும் தேக்கம் ஒன்று, வருடா வருடம் சுரக்கும் ஓட்டம் இன்னொன்று என்று பிரித்தார். ஆடிட்டராக இருந்தவருக்கு அது சட்டென்று பிடிபட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சரி, இப்படிக் கணக்கு எழுதினால் யாருக்கு லாபம்? மூலதனம் வைத்திருப்பவருக்கு. 2015-ல், சொத்து மதிப்பின் மேல் போட்டிருந்த செல்வ வரியை எடுத்தார்கள். வசூல் குறைவு, வசூலிக்கும் செலவு அதிகம் என்றார்கள். பதிலாக ஒரு கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு சர்சார்ஜை, அதாவது வருமான வரியின் மேல் போடும் கூடுதல் வரியைக் கூட்டினார்கள். ஆனால் சர்சார்ஜ் வருமானத்தைப் பொறுத்ததுதான். சும்மா கிடந்து விலை ஏறும் நிலத்தை, விற்கிற வரை அது தொடாது. டீக்கடையில் பிஸ்கட் வாங்குகிற கூலிக்காரரோ ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஜிஎஸ்டி கட்டுகிறார்.

இல்லாதவரிடம் வரி வாங்குவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. இந்த ஊர் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் தலைவரி வாங்கினார்கள். அந்த அரசை எதிர்த்துப் பேசியதற்காக, இந்தப் பகுதியின் சமூகச் சீர்திருத்தவாதி ஐயா வைகுண்டரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தார்கள்.

கட்சிப் பணத்திலும் இதே கதைதான். கட்சிக்கு நன்கொடை தரும் கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கம்பெனிச் சட்டத்தில் இருந்தது. 2017-ல் அந்த வரம்பை நீக்கினார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கொடுக்கலாம் என்றானது. நஷ்டக் கம்பெனி எந்தப் பணத்தை எடுத்துக் கொடுக்கும், எதற்காகக் கொடுக்கும்? கூடவே, கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தர வழிசெய்த தேர்தல் பத்திரமும் வந்தது. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லாது என்றது.

நம் கைக்கு எட்டுகிற காகிதம் ஒன்று இருக்கிறது. வேட்பாளர் தரும் பிரமாணப் பத்திரம், படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் எடுக்கலாம். பலரும் மொத்தச் சொத்து எத்தனை கோடி என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது பெரிய விஷயமே இல்லை. பழைய நிலம் தானாகவே விலை ஏறும். ஐந்து வருட வருமானம் அதில் இருக்கும், அதைக் கூட்டுங்கள். அதே ஐந்து வருடத்தில் வாங்கிய சொத்துகளின் கொள்முதல் விலையைக் கூட்டுங்கள். கடனைப் பாருங்கள். கடனைச் சேர்த்துப் பார்த்தும் வருமானமும் வாங்கிய விலையும் ஒட்டவில்லை என்றால் தேர்தல் கூட்டத்தில் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. அப்புறம், அரசு ஒப்பந்தங்கள் என்று ஒரு பகுதி வரும். மனைவி அல்லது கணவர் பெயரிலும் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயரிலும் உள்ளதை அங்கே சொல்ல வேண்டும். அதை விடாமல் படியுங்கள்.

போன தேர்தல் சமயத்தில் அந்தக் குலசேகரத்துக்காரர் ஒரு வேட்பாளரின் பத்திரத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். “சாரே, இதுல எந்த வரிய அடிச்சி வேற பக்கத்துல எழுதணும்?” கால்குலேட்டரை எடுத்து மேஜையில் வைத்தேன். அரை மணி நேரம் இரண்டு பேரும் கூட்டிக்கொண்டிருந்தோம்.